போட்டு வாறன்

"எந்த நாட்டுக்கு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். இந்தியா, மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் என்று சொன்னேன். உருவுவதை நிறுத்திவிட்டார்.

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"அப்ப என்னத்துக்குப் போறாய்?"

"பாக்க."

"பாத்திட்டு?"

"வந்திடுவன்."

அவர் நம்பவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் போயிருக்கிறார்கள். கனடா, பாரிஸ், லண்டன், சுவிஸ். காணி விற்று, நகை அடகு வைத்து, ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, பனிக்குள் எல்லை தாண்டிப் போனவர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து மூன்று கிழமை நிற்பார்கள், பிறகு போய்விடுவார்கள். எங்கள் ஒழுங்கையில் போவதென்றால் போய் இருந்துவிடுவதுதான். ஆனாலும் படியிறங்கும்போது எல்லோரும் சொல்வது ஒரே சொல்: போட்டு வாறன். "போறன்" என்று மட்டும் சொன்னால் அம்மா பதறிவிடுவா. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போய், முப்பது வருடமாக வராதவர்களை எனக்குத் தெரியும்.

அந்தச் சொல்லைச் சொன்னபடியே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் இருபத்தெட்டு வருடம் புவியியல் படிப்பித்தவள். மீகொங் நதியைக் கரும்பலகையில் எத்தனை தடவை நீலச் சோக்கால் கீறியிருப்பேன் என்று கணக்கில்லை. திபெத் மேட்டுநிலத்தில் தொடங்கும், ஆறு நாடுகளைத் தொடும், தென்சீனக் கடலில் விழும். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். "ரீச்சர், நீங்கள் பாத்திருக்கிறீங்களோ?" என்று ஒரு பெட்டை ஒருநாள் கேட்டாள். இல்லை என்றேன். அந்தக் கேள்வி உள்ளே கிடந்தது. அம்மா இருந்தவரை அவவைத் தனியே விட்டு ஒரு இரவுகூட வெளியே தங்க முடியவில்லை. அம்மா போய் இரண்டு வருடம். எனக்கு இப்போது 54. ஓய்வெடுத்த பிறகு கட்டி வந்த சீட்டு கைக்கு வந்தது. அதை எடுத்தேன்.

ஒழுங்கு ஒன்று வைத்துக்கொண்டேன். வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் விமானம். ஊர்களில் அவசரமில்லாமல் தங்குவது. ஒரு நாளைக்கு ஏழாயிரம் இலங்கை ரூபாய்க்குள் சாப்பாடும் படுக்கையும். முழுவதும் 58 நாட்கள்.

மெதுவாகப் போவது எனக்குப் புதிதில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால் ஊரை விட்டு, கொக்குவிலில் இருந்து சாவகச்சேரிக்கு நானும் அம்மாவும் ஒரு சைக்கிளுமாகப் போனோம். எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் அந்த இரவில் ஒரே வீதியில் நின்றது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் ஒரு அடி வைத்தால் பிறகு நெடுநேரம் நிற்க வேண்டும். முன்னால் போகிறவரின் முதுகும், அவர் தலையில் இருந்த பெட்டியும்தான் தெரிந்தன. பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் பிடிக்காத தூரம். அடுத்த நாள் பின்னேரம்தான் போய்ச் சேர்ந்தோம். அந்த வேகத்தை நான் கேட்கவில்லை. என் கால்கள் அதை மறக்கவும் இல்லை. நானே கேட்டு வாங்கிய மெதுவை அந்தக் கால்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது.

மார்ச் முதல் கிழமை, காங்கேசன்துறையில் கப்பல் ஏறினேன். நாகப்பட்டினத்துக்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். நாற்பது வருடம் பயணிகள் கப்பல் இல்லாமல் கிடந்த கடல் இது. 2023 ஒக்ரோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். என்னோடு வந்தவர்களில் பாதிப்பேர் வேளாங்கண்ணிக்கும் சிதம்பரத்துக்கும் போகிறவர்கள், மீதிப்பேர் துணி வியாபாரிகள். கரை மறைய அதிக நேரம் எடுக்கவில்லை, எங்கள் குடாநாடு அவ்வளவு தட்டை. மலையோ குன்றோ இல்லாத நிலத்தைக் கடலில் இருந்து பார்க்கும்போது அது ஒரு கோடு, பிறகு ஒரு சந்தேகம், பிறகு தண்ணீர். படிப்பித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்டேன்.

நாகப்பட்டினத்தில் நான்கு நாள் நின்றேன். பெரிய ஊர் பார்க்கிற அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற ஊர். எனக்கு அங்கே ஒரு காரணம் இருந்தது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் இங்கே சூடாமணி விகாரை என்று ஒரு பௌத்தப் பள்ளி கட்டினான். அதற்குச் சோழன் ஆனைமங்கலத்தை நிவந்தமாகக் கொடுத்தான். விகாரை இப்போது இல்லை. கடாரம் இருக்கிறது. மலேசியாவின் கெடா மாநிலம்தான் அது, நான் போகப்போகிற ரயில் பாதை அதற்குள்ளால்தான் போகிறது. மாலையில் கடற்கரையில் நடந்தபோது, இந்தத் தண்ணீர் ஆயிரம் வருடமாக ஆட்கள் போய் வந்த தெரு என்ற எண்ணம் எனக்குத் துணையாக இருந்தது. தனியாகத்தான் போனேன். தனியாக இருக்கிறேன் என்று அந்தக் கரையில் எனக்குத் தோன்றவில்லை.

அப்பப்பாவும் இந்தத் தெருவால் போனவர்தான்.

அவர் 1920களில் மலாயா போய், ரயில்வேயில் சேர்ந்து, பேராக் பக்கம் ஒரு சிறிய நிலையத்தில் ஸ்டேசன் மாஸ்ரராக இருந்து, 1955இல் பென்சனோடு கொக்குவிலுக்குத் திரும்பியவர். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் மலாயன் பென்சனியர் இருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த பெடியளை வெள்ளைக்காரன் கிளாக்கர் வேலைக்கும் ரயில்வேக்கும் எடுத்தான். எங்கள் வீட்டு நாற்சார் முற்றமும் தேக்குக் கதவும் அந்தக் காசில் வந்தவை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ரஜூலா என்ற கப்பல் 1926 தொடக்கம் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் ஓடியது. லீவில் வந்து போகும்போது அப்பப்பா ஏறியது அந்தக் கப்பலில். இப்போது அந்தக் கடலில் பயணிகள் கப்பல் எதுவும் இல்லை. ஆகவே திருச்சியில் விமானம் ஏறிக் கோலாலம்பூரில் இறங்கினேன். நான்கு மணித்தியாலம். என்ன கடல், எத்தனை தீவு, ஒன்றும் தெரியவில்லை. மனம் வந்து சேர இரண்டு நாள் எடுத்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஸ்கொட் வீதியில் கந்தசாமி கோவில். ரயில்வேயில் வேலை செய்த யாழ்ப்பாணத்தார் நல்லூரை நினைத்துக் கட்டிய கோவில். பிராகாரத்தில் நடந்தபோது, தூணடியில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, "மெய்யே பிள்ளை, எவடம்?" என்று கேட்டார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். "மெய்யே" என்று எங்கள் ஊரிலேயே இப்போது யார் கூப்பிடுகிறார்கள்? என் அப்பம்மாவோடு போன சொல் அது. அந்த அம்மாவுக்கு 86 வயது. பிறந்தது ஈப்போவில். யாழ்ப்பாணத்தை ஒருநாளும் கண்டதில்லை. வட்டுக்கோட்டையில் தாயாரின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இலுப்பை மரம் நின்றதாம், அதன் கீழே ஒரு வைரவர் சூலமாம், இதெல்லாம் எனக்கு அவர் சொன்னார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னேன். அவர் என் கையை விடவில்லை. பேரப்பிள்ளை வந்து ஆங்கிலத்தில் கூப்பிட்டுக் கூட்டிப்போகும்வரை யாழ்ப்பாணத்தைப் பற்றி அவர் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுபது எண்பது வருடத்துக்கு முந்திய எங்கள் பேச்சு அந்தத் தூணடியில் பத்திரமாக இருந்தது.

அங்கிருந்து தைப்பிங். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் திகதி ஓடியது இங்கிருந்துதான், போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு, எட்டு மைல். தகரம் ஏற்றுவதற்காகப் போட்ட பாதை. இலங்கையில் இருந்து கொண்டுவந்த ஆட்களும் அந்தப் பாதையைப் போட்டார்கள். தகரம் தோண்டிய பள்ளங்கள்தான் இன்றைக்கு ஊரின் நடுவில் ஏரிப் பூங்கா. தினமும் பின்னேரம் மழை. ஏரிக்கரை வாகை மரங்கள் வீதியைத் தாண்டி வளைந்து, மறுகரையில் தண்ணீரைத் தொடுகின்றன. ஒரு கிழமை நின்றேன், ஒரு நாள் போதும் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லக்கூடிய ஊரில். காலையில் சந்தைக்குப் பக்கத்தில் இடியப்பம் விற்கிறார்கள். புத்து மாயம் என்று பெயர். சொதியும் இல்லை, சம்பலும் இல்லை, தேங்காய்ப் பூவும் பனங்கட்டி போன்ற சீனியும் தூவித் தருகிறார்கள். முதல் நாள் ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. மூன்றாம் நாள் தேடிப்போய் வாங்கினேன்.

அப்பப்பா இருந்த நிலையக் கட்டடம் இல்லை. மின்சார இரட்டைப் பாதை போட்டபோது எல்லாம் புதிதாகிவிட்டது. கொங்கிரீட் மேடையில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அதை இழுத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு, பட்டர்வர்த்துக்குப் போகிற சாதாரண கொமியூட்டர் ரயிலில் ஒன்று நடந்தது.

சின்ன வயதில் அப்பப்பா ஒரு கதை சொல்வார். "என்ரை கோச்சி தண்ணிக்கு மேலால ஓடும்" என்பார். விறாந்தையில் சாய்மனைக் கதிரை, மடியில் சட்டைப்பை மணிக்கூடு. கொழும்பு ரயில் யாழ்தேவி கொக்குவிலைத் தாண்டும் சத்தம் கேட்டால் மணிக்கூட்டைப் பார்ப்பார், பிந்தினால் தலையை ஆட்டுவார். நான் ஒன்பது வயதில் அவரை இழந்தேன். தண்ணீருக்கு மேலே ஓடும் ரயிலைப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை என்றே வைத்திருந்தேன். தைப்பிங்கில் ஏறிய ரயில் புக்கிட் மேரா என்ற இடத்துக்கு வந்தது. இரண்டு பக்கமும் திடீரென்று தண்ணீர். 1906இல் நெல்வயல்களுக்காகக் கட்டிய பெரிய நீர்த்தேக்கம், அதன் நடுவால் பாதை. யன்னலுக்கு வெளியே கரை இல்லை, வானமும் நீரும்தான். நோன்பு மாதம், பொழுது படுகிற நேரம். முன்னால் இருந்த ஒரு மலாய்ப் பெண் கைபேசியில் பாங்கு கேட்டதும் டப்பாவைத் திறந்து பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து இன்னொன்றும் தந்தார். என் பக்கம் பேச அவருக்குத் தெரிந்த சொல் இல்லை, அவர் பக்கம் பேச எனக்கும் இல்லை. தண்ணீருக்கு மேலால் கோச்சி ஓடியது.

1990இல் யாழ்தேவி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பங்கருக்குக் கூரையாகின. 2014 ஒக்ரோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தபோது, என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட அதற்கு முன் கோச்சி கண்டதில்லை. ஸ்டேசன் மாஸ்ரரின் பேர்த்தி நான், 24 வருடம் சத்தம்கூடக் கேட்காமல் இருந்தேன். அதனால்தான் இந்தப் பயணத்தில் பஸ் மலிவாக இருந்த இடங்களிலும் ரயிலில் போனேன்.

பாடாங் பெசாரில் ஒரே நிலையத்துக்குள் இரண்டு நாட்டு முத்திரையும் வாங்கலாம். ஒரு கதவில் மலேசியா, அடுத்த கதவில் தாய்லாந்து, நடுவில் மணிக்கூட்டில் ஒரு மணித்தியாலம் பின்னே போகும். இவ்வளவுதானா எல்லை என்று இருந்தது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இந்தப் பயணத்தில் வேறொரு எல்லையில் என் கடவுச்சீட்டின் அட்டையைப் பார்த்ததுமே வரிசையில் இருந்து விலக்கி இருத்தினார்கள். திரும்புகிற ரிக்கெற் காட்டு, காசு காட்டு, அறை எங்கே, ஏன் தனியாக வந்தாய். பின்னால் வந்த வெள்ளைக்காரப் பெடியள் இருபது பேர் சிரித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். ஒன்றேகால் மணித்தியாலம். கடைசியில் வயதான ஒரு அதிகாரி வந்து, என் கொப்பியில் நான் கீறி வைத்திருந்த வழிப்படத்தைப் பார்த்து, நதிகளைத் தொட்டுப் பார்த்து, முத்திரை குத்தினார். கோபம் எனக்கு வந்தது, இன்னும் இருக்கிறது. எங்களைப் போன்ற கடவுச்சீட்டு உள்ளவர்கள் போகும்போது விசாக் கடிதம், வங்கிக் கூற்று, ரிக்கெற் எல்லாவற்றையும் தாளில் அச்சடித்து வைத்திருங்கள். கைபேசியில் இருந்தால் போதாது.

இரவு ரயிலில் படுத்தேன். விடியக் கண் விழித்தபோது யன்னல் முழுக்கப் பனை. வயலுக்கு நடுவில் தனித்தனியாக நின்ற பனைகள், எங்கள் தாவடிப் பக்கத் தோட்டங்களைப் போல. எழும்பி உட்கார்ந்தேன். பெட்சபுரி என்றார்கள். பனஞ்சீனிக்குப் பெயர்போன ஊராம். இவர்கள் மொழியில் பனைக்குத் "தான்" என்று பெயர். நாங்கள் இலக்கியத்தில் தாலம் என்று படிக்கிறோமே, அதே வேர். நான் பாங்கொக் வரை ரிக்கெற் எடுத்திருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்காமல் விட்டது இன்றைக்கும் மனதில் குறையாக இருக்கிறது.

பாங்கொக்கில் லாவோஸ் விசாவுக்காக நான்கு நாள். பெரிய ஊர், எனக்கு மூச்சு முட்டியது. பெரிய ஊஞ்சல் கம்பங்களுக்குப் பக்கத்தில் பிராமணர் கோவில் ஒன்று இருக்கிறது. மார்கழியில் அங்கே திருவெம்பாவை ஓதுவார்கள், ஒலி மாறி, பொருள் தெரியாமல், ஆனால் விடாமல். நான் போனது மார்கழி இல்லை. வாசலில் நின்று ஆதியும் அந்தமும் இல்லா என்று முதல் பாட்டை மெதுவாக நானே சொன்னேன். அப்புறம் காஞ்சனபுரி.

இந்த இடத்தை என் திட்டத்தில் போட்டதும் அப்பப்பாவால்தான். யப்பான்காரன் காலத்தைப் பற்றி அவர் ஒன்றும் கதைக்க மாட்டார். "சயாமுக்குப் பிடிச்சுக்கொண்டு போனவை" என்ற ஒரு வசனம் மட்டும் வரும், பிறகு வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொள்வார். 1942 தொடக்கம் 1943 ஒக்ரோபர் வரை, சயாம் என்ற தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவில் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை யப்பான்காரர் காட்டுக்குள்ளால் போடுவித்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள், அவர்களைவிட எவ்வளவோ அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களில் இருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாமான் பெட்டிகளில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள். அந்த ரயில்கள் மேற்குக் கரைப் பாதையால் போனவை. அப்பப்பா பச்சைக்கொடி காட்டி நின்ற மேடையைத் தாண்டித்தான் போயிருக்கும்.

நேசநாட்டு வீரர்களின் மயானத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர். புல் வெட்டி, பூச்செடி நட்டு, பெரும்பாலான கல்லறைகளில் பெயரும் வயதும். நான் மூன்று வரிசை முழுவதும் வாசித்தேன். இருபத்திரண்டு, இருபத்தாறு, பத்தொன்பது. தமிழருக்கு அப்படி ஒரு மயானம் இல்லை. வாட் தவோன் விகாரையில், தோண்டி எடுத்த எலும்புகளைச் சேர்த்து வைத்து ஒரு நினைவிடம் இருக்கிறது. கொலராவில், மலேரியாவில், பட்டினியில், அடியில் செத்தவர்கள். பெயர்ப் பட்டியல் கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸ் கோவிலில் தந்த விபூதிப் பொட்டலம் பையில் இருந்தது. அதை அவிழ்த்து அந்த அடியில் வைத்தேன். தேவாரம் ஒன்று பாட நினைத்து வாய் வரவில்லை. போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்தானே இவர்களும், என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் நாம் தொக் வரை போகும் ரயிலில் ஏறினேன். ஆற்றோரம் பாறையை அணைத்துக்கொண்டு போகிற மரப்பாலத்தில் ரயில் நடை வேகத்துக்கு இறங்குகிறது. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் கையை யன்னல் கம்பியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சியாங் மாய் புகையில் கிடந்தது. மார்ச் ஏப்ரலில் காடும் வயலும் எரிக்கிற காலம், மலை தெரியவில்லை, தொண்டை எரிந்தது. இரண்டு இரவோடு விட்டு, பஸ்ஸில் சியாங் கொங் போய், நட்புப் பாலத்தைத் தாண்டி லாவோஸின் ஹுவே சாய்.

இனி மீகொங்.

இறங்குதுறையில் கீழே இறங்கி முதலில் தண்ணீரைத் தொட்டேன். மண்ணிறம், குளிர், நான் நினைத்ததைவிட வேகம். நீலச் சோக்கு தவறு. லுவாங் பிரபாங்குக்கு மரப்படகில் இரண்டு நாள், நடுவில் பக்பெங் என்ற கிராமத்தில் இரவு. நீளமான படகு, பழைய வானில் இருந்து கழற்றிய இருக்கைகள், பின்னால் இயந்திரம். வேகப்படகும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் இந்தப் படகு கரையில் யார் கை காட்டினாலும் ஒதுங்குகிறது. அரிசி மூட்டை, கோழிக்கூடை, ஒரு மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூட உடுப்பில் ஒரு பெடியன். ஒதுங்கும் இடத்தில் துறைமேடை இல்லை, மணல்தான். பலகை ஒன்றைப் போடுவார்கள், ஆள் இறங்கும், படகு மறுபடி நடு ஆற்றுக்கு வரும். நான் முதல் நாள் முழுவதும் ஒரு எழுத்து வாசிக்கவில்லை. கறுப்புப் பாறைகள் தண்ணீருக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்கு நின்றன, மாரியில் அவை மூடுண்டு போகும். வெள்ளம் வற்றிய மணலில் கடலை நட்டிருந்தார்கள். எருமைகள். என்னவோ ஒரு இடத்தில், என் கால்களில் இருந்து அந்த நாவற்குழி இரவின் நோ இறங்கிப் போனதை உணர்ந்தேன். யாரும் துரத்தவில்லை. முன்னால் ஒரு முதுகும் இல்லை. ஆறு மட்டும்.

இந்த ஆற்றுக்கு நடப்பதையும் சொல்ல வேண்டும், நான் அதைப் படிப்பித்தவள். லுவாங் பிரபாங்குக்குக் கீழே சயாபுரி அணை 2019இல் இருந்து மின்சாரம் எடுக்கிறது. நகரத்துக்கு மேலே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இன்னொரு அணை எழுந்துகொண்டிருக்கிறது. படகில் போகும்போது அந்தக் கொங்கிரீட்டைக் கண்டேன். வண்டலும் மீனும் கீழே போவதை அணைகள் தடுக்கின்றன, கீழே கம்போடியாவிலும் வியட்நாமிலும் கோடிக்கணக்கான ஆட்கள் அந்த வண்டலிலும் மீனிலும் வாழ்கிறார்கள். அந்தப் பாறைகளையும் கடலைத் தோட்டங்களையும் நான் கண்டேன் என்று எழுதி வைக்கிறேன்.

லுவாங் பிரபாங்கில் சித்திரைப் புத்தாண்டு வந்தது. எங்களுக்கு வருகிற அதே ஏப்ரல் நடுவில்தான் அவர்களுக்கும். சூரியன் மேடத்துக்குப் போகிற சங்கிராந்தி அது, தாய்லாந்தில் அதைச் சொங்ரான் என்றே சொல்கிறார்கள். தெருவில் பெடியள் வாளியால் ஊற்றுவார்கள், அது எல்லாப் படத்திலும் வரும். நான் தங்கிய வீட்டு அம்மா என்னை விடியவே எழுப்பினார். பித்தளைச் சட்டியில் தண்ணீர், அதில் பூவும் மணப்பொருளும் ஊறியிருந்தன. வீட்டுப் பெரியவரின் உள்ளங்கையில் அதை ஊற்றி வணங்க வேண்டும். எனக்கு எங்கள் வருடப்பிறப்பு மருத்துநீர் ஞாபகம் வந்தது. ஐயர் கோவிலில் காய்ச்சித் தருவார், அம்மா தலையில் வைத்துத் தேய்ப்பா, காலடியில் ஒரு இலை. அம்மா போன பிறகு நான் மருத்துநீர் வைக்கவில்லை. யார் வைத்துவிடுவது? அந்த லாவோஸ் அம்மா மிச்சத் தண்ணீரைக் கையில் அள்ளி என் உச்சியில் வைத்தார்.

நான் புறப்படுவதற்கு முதல் இரவு அவர் எனக்குப் பாசி என்ற சடங்கு செய்தார். வாழையிலையில் கூம்பு செய்து பூ குத்தி, நடுவில் வைத்து, வீட்டில் இருந்த எல்லோரும் வெள்ளைப் பருத்தி நூலை என் மணிக்கட்டில் கட்டினார்கள். ஆளுக்கு 32 உயிர்கள், தூரப் பயணத்தில் அவை வழியில் தங்கிவிடும், கூப்பிட்டு உடம்போடு கட்டிவிட வேண்டும் என்று அவர் மகள் எனக்கு விளக்கினாள். என் ஊரில் அப்படித் தங்கிவிட்டவற்றை நினைத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் அம்மாவின் இலுப்பை மரத்தையும் நினைத்தேன்.

வியஞ்சானுக்குப் புதுச் சீன ரயிலில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை, வழியில் நிறையச் சுரங்கம். அங்கே நான் தேடிப்போனது ஒரே ஒரு இடம், கோப் என்ற செயற்கைக்கால் நிலையம். 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது இருபது லட்சம் தொன்னுக்கு மேல் குண்டு விழுந்தது. கொத்துக்குண்டுகளின் சிறு உருண்டைகள் மட்டும் 27 கோடி, அவற்றில் சுமார் எட்டுக் கோடி வெடிக்காமல் மண்ணில் கிடந்தன. பொம்பி என்று ஊர்ச்சனம் கூப்பிடுகிறது. கூரையில் இருந்து நூலில் அந்த உருண்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சுவரோரம், ஊரவர்கள் தாங்களே மரத்திலும் மூங்கிலிலும் தகரத்திலும் செய்து போட்ட கால்கள். என்னிடம் படித்த ஒரு பெடியன் மீள்குடியேறிய வருடம் விறகு பொறுக்கப் போய் வலது பாதத்தை விட்டவன். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்க் கால் போட்டு, அதோடு சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் வந்தான். முகமாலையில் இன்றும் குந்தியிருந்து மண்ணைச் சுரண்டி மிதிவெடி எடுக்கிற பெண்களை நான் பஸ்ஸில் போகும்போது கண்டிருக்கிறேன். இதைக் கோப் நிலையத்தில் வேலைக்கு நின்ற பெடியனிடம் சொன்னேன். அவன் என்னை உள்ளே கூட்டிப்போய், முழங்காலுக்குக் கீழே போடும் கால் எப்படி வார்க்கிறார்கள் என்று முழுவதும் காட்டினான். வேறு ஊரில் இருந்து வந்த விருந்தாளியாக அவன் என்னை நடத்தவில்லை. பிறகு இருவரும் வாசலில் இருந்து தேத்தண்ணி குடித்தோம்.

திரும்பும் வழியில் சொல்ல அதிகம் இல்லை. இரவு ரயிலில் பாங்கொக், விமானத்தில் சென்னை, நாகப்பட்டினம். கடல் அமைதியாக இருந்தது. மணிக்கட்டில் நூல் இன்னும் இருந்தது, அழுக்கேறி.

காங்கேசன்துறையில் சுங்கப் பெடியன் பையைத் திறந்து, லாவோஸ் அம்மா தந்த மூங்கில் கூடையை வெளியே எடுத்தான். கூம்பு வடிவம். அவர்கள் அதில்தான் பசையரிசியை அவிக்கிறார்கள்.

"என்ன அன்ரி, எங்கட நீத்துப்பெட்டியையே வெளிநாட்டில இருந்து கொண்டு வாறியள்?"

"இது பனையோலை இல்லை தம்பி, மூங்கில். பாரும்."

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னலை விரலால் அழுத்தினான். "நல்லாப் பின்னியிருக்கினம்" என்று திருப்பித் தந்தான்.

வீட்டுக்கு வந்து கேற்றைத் திறந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் சருகு கூட்டும் சத்தம் நின்றது.

"வந்திட்டியே?" என்றார் அக்கா.

"வந்திட்டன்."

அடுத்த நாள் காலை குசினியில் அந்தக் கூடையில் புட்டு அவித்தேன். பின்னல் கொஞ்சம் அகலம், மா கீழே சிந்தியது. அடியில் ஒரு வாழையிலைத் துண்டு வைத்து மறுபடி அவித்தேன். சரியாக வந்தது. வட்டுக்கோட்டைக்குப் போய் இலுப்பை மரத்தைத் தேட வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். தானும் வாறன் என்றார்.